பள்ளிச் சுற்றறிக்கைகளும் பிள்ளைகளின் சைக்கிள் பாதுகாப்பும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளியிலிருந்து வீட்டுக்கு வரும் சுற்றறிக்கைகளைப் பற்றிப் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறோம். இவற்றில் பெரும்பகுதி சைக்கிளையும் தலைக்கவசத்தையும் பற்றியதாகவே இருக்கும். விடுமுறை அறிவிப்பை ஒருமுறை படித்து நாட்காட்டியில் குறித்துக்கொண்டால் போதும். தலைக்கவசச் சுற்றறிக்கை அப்படிப்பட்டதன்று. பிள்ளையை அருகில் நிற்கவைத்து, கையால் தொட்டுப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை அதில் இருக்கிறது. அதனால்தான் அந்தப் பகுதியை விரிவாக எழுதியிருக்கிறோம்.

சுற்றறிக்கையில் கையெழுத்துக் கேட்பது எதற்காக? கையெழுத்திட்டால் பொறுப்பு முழுவதும் எங்களுடையதாகிவிடுமா?

ஆகாது. நீங்கள் படித்தீர்கள், உங்கள் பிள்ளை அந்தச் செயலில் கலந்துகொள்ள உங்களுக்குச் சம்மதம் என்பதற்கான சான்றே அந்தக் கையெழுத்து. பள்ளியின் பொறுப்பில் பிள்ளை இருக்கும் நேரத்தில் அவரைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும் கடமை அதனால் பள்ளியை விட்டு நீங்கிவிடுவதில்லை. ஒப்புதல் படிவத்தில் ஏதேனும் ஒரு வரி புரியவில்லை என்றால், அதன் பக்கத்திலேயே கேள்வியை எழுதி அனுப்புங்கள். புரியாமல் கையெழுத்திடுவதைவிட ஒரு நாள் தாமதமாக அனுப்புவது நல்லது.

சுற்றறிக்கை எங்கள் கைக்கே வருவதில்லை. பையின் அடியில் கசங்கிக் கிடப்பதைப் பிறகுதான் பார்க்கிறோம். என்ன செய்வது?

வீட்டில் ஓர் இடத்தை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். பையை இறக்கிவைத்ததும் காகிதம் ஏதாவது இருந்தால் அங்கே வைக்க வேண்டும் என்று பழக்கிவிட்டால், சிறிய பிள்ளைகள்கூட மறப்பதில்லை. அம்மாவும் அப்பாவும் தனித்தனி வீடுகளில் வசித்தாலோ, பிள்ளை தாத்தா பாட்டியிடம் வளர்ந்தாலோ, அதை வகுப்பாசிரியரிடம் ஒருமுறை சொல்லி இரண்டு படிகள் கேட்டுப் பெறலாம். வீட்டில் படிக்கத் தெரிந்தவர் இல்லையென்றால் அதையும் தயக்கமின்றித் தெரிவியுங்கள். தொலைபேசியில் வாய்மொழியாகச் சொல்வது பள்ளிக்குப் பெரிய சிரமம் இல்லை.

பெற்றோர் குழுவில் வந்த செய்தியை நம்பலாமா?

கைமாறி வந்த செய்தி எதையும், குறிப்பாக விடுமுறை, நேர மாற்றம், பணம் கட்டுதல் பற்றியவற்றை, பள்ளியின் சொந்த எண்ணிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ உறுதி செய்துகொண்ட பிறகே நம்புங்கள்.

உங்கள் தொலைபேசி எண் மாறியிருந்தால் அன்றே தெரிவியுங்கள். அவசரத்தில் அழைக்க வேண்டியவர்களாக இரண்டு பேரின் எண்கள் பள்ளியில் இருக்க வேண்டும். அந்த இருவரும் ஒரே இடத்தில் வேலை பார்ப்பவர்களாக இல்லாமலிருந்தால் இன்னும் நல்லது. ஒரே நேரத்தில் இருவரையும் பிடிக்க முடியாமல் போவது அப்போது குறையும்.

எத்தனை வயதிலிருந்து பிள்ளையைத் தனியாகச் சைக்கிளில் அனுப்பலாம்?

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே வயது கிடையாது. ஆனால் வயதை ஏன் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதை அறிந்துகொள்வது உதவும். சைக்கிளைச் சாயாமல் ஓட்டுவது ஒரு திறமை. எதிரே வரும் வாகனம் எவ்வளவு தொலைவில், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணித்து முடிவெடுப்பது முற்றிலும் வேறொரு திறமை. முதலாவது ஆறேழு வயதிலேயே வந்துவிடுகிறது. இரண்டாவது பல ஆண்டுகள் கழித்துத்தான் முதிர்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடந்துவிடும். இது சிறு பிள்ளையின் கணிப்புக்கு எட்டாத வேகம்.

ஜெர்மனியில் எட்டு வயது நிறையும்வரை பிள்ளைகள் சாலையில் ஓட்டாமல் நடைபாதையிலோ தனியாகப் பிரிக்கப்பட்ட சைக்கிள் பாதையிலோதான் ஓட்ட வேண்டும் என்பதும், பத்து வயது நிறையும்வரை நடைபாதையில் ஓட்டிக்கொள்ளலாம் என்பதும் சட்டம். தொடக்கப் பள்ளியின் இறுதியில் சைக்கிள் பயிற்சியும் தேர்வும் அங்கே வழக்கமாக நடைபெறுகின்றன. உங்கள் இடத்தில் அப்படி ஏற்பாடு இல்லையென்றால், அந்தத் தேர்வை நீங்களே நடத்துங்கள். பள்ளிக்குச் செல்லும் வழியில் பிள்ளையை முன்னால் ஓட்டவிட்டு நீங்கள் பின்னால் செல்லுங்கள், வாயைத் திறக்காதீர்கள். திரும்பும் முன் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்க்கிறாரா, அப்படிப் பார்க்கும்போது சைக்கிள் ஒரு பக்கமாக இழுக்கிறதா, ஒரு கையை விட்டுச் சைகை காட்ட முடிகிறதா, சந்திப்பில் தானாக நிற்கிறாரா என்பதைப் பாருங்கள். நீங்கள் ஒரு சொல்கூடச் சொல்லாமல் பல நாள் இவை எல்லாம் நடந்தால், பிள்ளை தயார் என்று கொள்ளலாம். அதுவரை உடன் செல்வதே முறை.

ஹெல்மெட் உண்மையிலேயே காப்பாற்றுமா, அல்லது வெறும் சடங்குதானா?

காப்பாற்றும், ஆனால் எதிலிருந்து, எவ்வளவு என்பதைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். பல மருத்துவ ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு 1999இல் வெளியிட்ட மதிப்பாய்வு, விபத்துக்குள்ளான சைக்கிள் ஓட்டிகளிடையே தலை மற்றும் மூளைக் காயத்துக்கான வாய்ப்பைத் தலைக்கவசம் 63 முதல் 88 விழுக்காடு வரை குறைக்கிறது என்று கண்டது. அதற்குப் பிறகு, காயமடைந்த 64,000க்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, கடுமையான தலைக்காயத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ 69 விழுக்காடு குறைவதாகக் கணக்கிட்டது. எண்கள் ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டாலும் அவை சுட்டும் திசை ஒன்றுதான்.

இது நிகழும் விதம் எளியது. வெளியே தெரியும் பளபளப்பான ஓட்டுக்குள் இருக்கும் தடித்த வெள்ளை நுரைதான் உண்மையான பாதுகாப்பு. தரையில் மோதும்போது அந்த நுரை நசுங்குகிறது. நசுங்குவதற்கு எடுத்துக்கொள்ளும் சில ஆயிரத்திலொரு நொடிகளில் தலையின் வேகம் சற்று நிதானமாகக் குறைகிறது. அந்தச் சிறு அவகாசம்தான் மூளைக்குக் கிடைக்கும் காப்பு. ஐரோப்பியத் தரமான ஈஎன் 1078இன்படி, தலைக்கவசம் அணிவித்த மாதிரித் தலையை நொடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில், தட்டையான இரும்பின் மீது விழச் செய்கிறார்கள். தலை உணரும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 250 மடங்கைத் தாண்டக் கூடாது. இது சைக்கிளிலிருந்து தரையில் விழுவதை மனத்தில் கொண்ட சோதனை. வேகமாக வரும் லாரி மோதுவதை மனத்தில் கொண்டதன்று. ஆகவே தலைக்கவசம் அணிந்திருக்கிறார் என்பதற்காக ஆபத்தான சாலையில் பிள்ளையை அனுப்பிவிட முடியாது. பாதுகாப்பான வழியைத் தேர்வதும் சாலை ஒழுங்கும் முதலில் வர வேண்டும். அவையெல்லாம் தவறிய கணத்துக்கானதே தலைக்கவசம்.

சட்டப்படி கட்டாயமா?

நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990 ஜூலையில் சைக்கிள் ஓட்டிகளுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது; நியூசிலாந்து 1994இல் பின்தொடர்ந்தது. ஸ்வீடனில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டாயம். வேறு பல இடங்களில் சட்டம் எதுவும் இல்லை. சட்டம் இல்லாத இடத்திலும், சைக்கிளில் வரும் மாணவர் தலைக்கவசம் அணிந்தே வர வேண்டும் என்று பள்ளி விதி வகுப்பதில் தவறேதும் இல்லை என்பதே எங்கள் கருத்து.

ஹெல்மெட் சரியாகப் பொருந்துகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். காலையில் பள்ளி வாசலில் நின்று பார்த்தால், தலைக்கவசம் அணிந்துவரும் பிள்ளைகளிலேயே பலர் அதைப் பின்தலைக்குத் தள்ளி, நெற்றி முழுவதும் வெளியே தெரிய, வார் தளர்ந்து தாடைக்குக் கீழே ஊசலாட வருவதைக் காணலாம். முன்னால் விழும் பிள்ளையின் நெற்றிக்கு அந்தத் தலைக்கவசத்தால் எந்தப் பயனும் இல்லை.

அளவு நாடாவைப் புருவத்துக்குச் சற்று மேலே வைத்து, காதுகளுக்கு மேலாக, பின்தலையின் புடைத்த பகுதியைச் சுற்றி அளந்து, எத்தனை சென்டிமீட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். தலைக்கவசத்தின் உட்புறம் ஒட்டியுள்ள சீட்டில் எந்தச் சுற்றளவுக்கு அது உரியது என்பது அச்சிடப்பட்டிருக்கும். பிள்ளையின் அளவு அந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். வளரும் பிள்ளைதானே, ஒரு சுற்று பெரிதாக இருக்கட்டும் என்று சீருடை வாங்குவது போல் இதை வாங்கக் கூடாது.

தலையில் வைக்கும்போது அது முன்னும் பின்னும் சாயாமல் மட்டமாக அமர வேண்டும். முன்விளிம்புக்கும் புருவத்துக்கும் இடையே உங்கள் இரண்டு விரல்களின் அகலம் இருந்தால் சரி; நான்கு விரல் நுழைந்தால் தவறு. பின்புறம் திருகு இருந்தால், அழுத்தமாக ஆனால் வலிக்காமல் பிடிக்கும்வரை அதைத் திருப்புங்கள். இரு பக்கமும் முன்வாரும் பின்வாரும் காதுமடலுக்குச் சற்றுக் கீழே ஒன்று சேர வேண்டும். காதின் மேலேயே வார் படிந்திருந்தால், பிள்ளை அதைத் தாங்க மாட்டாமல் அடுத்த திருப்பத்திலேயே கழற்றிவிடும். கொக்கியை மாட்டியபின் தாடைக்கும் வாருக்கும் இடையே ஒரு விரல் நுழையலாம். இரண்டு விரலுக்கு மேல் இடம் இருக்கக் கூடாது.

இப்போது பிள்ளையைக் கொட்டாவி விடுவது போல் வாயை அகலத் திறக்கச் சொல்லுங்கள். தலைக்கவசம் உச்சந்தலையை அழுத்துவதை அவர் உணர வேண்டும்; உணரவில்லை என்றால் வார் தளர்வு. அடுத்து, தலைக்கவசத்தைக் கையால் பிடித்து மெதுவாகப் பக்கவாட்டில் அசையுங்கள். நெற்றித் தோலும் சேர்ந்து அசைந்தால் பொருத்தம் சரி. நெற்றி அப்படியே இருக்க, தலைக்கவசம் மட்டும் வழுக்கினால் சரியில்லை. உச்சியில் தூக்கிக் கட்டிய கொண்டையும் குதிரைவால் முடியும் தலைக்கவசத்தைச் சாய்த்துவிடும் என்பதால், சைக்கிளில் வரும் நாட்களில் முடியைக் கழுத்தருகே தாழ்வாகப் பின்னிவிடுவது நல்லது. முடி அலங்காரம் மாறும்போதெல்லாம் பொருத்தமும் மாறும். பருவத் தொடக்கத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு ஆண்டு முழுவதும் விட்டுவிட வேண்டாம்.

அண்ணன் பயன்படுத்திய ஹெல்மெட்டைத் தம்பிக்குக் கொடுக்கலாமா?

அதன் கதை முழுவதும் உங்களுக்குத் தெரியும் என்றால், அளவும் பொருந்தினால், கொடுக்கலாம். ஒருமுறை பலமாக அடிபட்ட தலைக்கவசம் வெளியே கீறல்கூட இல்லாமல் இருந்தாலும் உள்ளே நுரை நசுங்கியிருக்கும். நசுங்கிய நுரை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை, எனவே அடுத்த அடியை அது தாங்காது. யாரோ தெரியாதவர் பயன்படுத்தியதை வாங்க வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். அடிபடாமல் இருந்தாலும் தயாரிப்பாளர் குறிப்பிட்ட காலம் முடிந்ததும் மாற்றுங்கள். வெயிலிலும் மூடிய காருக்குள்ளும் போட்டுவைக்காதீர்கள். வீரியமான திரவங்கள் நுரையைக் கெடுக்கும் என்பதால், சுத்தம் செய்ய மென்மையான சோப்பும் தண்ணீரும் போதும்.

பைக்கில் அப்பாவுடன் பின்னால் அமர்ந்து வரும்போதும் அதே ஹெல்மெட் போதுமா?

போதாது. சைக்கிள் தலைக்கவசம் மோட்டார் வாகன வேகத்துக்காகச் சோதிக்கப்பட்டதன்று. பின்னால் அமரும் பிள்ளைக்கு, அவர் தலையளவுக்கேற்ற மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் தனியாக வேண்டும். மறுபுறம், அந்தக் கனமான கவசத்தைப் பிள்ளை சைக்கிள் ஓட்டும்போது அணிவிப்பதும் பொருத்தமில்லை. கழுத்து வலிக்கும், வியர்க்கும், ஓசைகள் சரியாகக் கேட்காது.

விளையாட்டு மைதானத்திலும் கழற்றாமல் இருந்தால் கூடுதல் பாதுகாப்புதானே?

இல்லை. சைக்கிளை நிறுத்தியதும் தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டும். ஏறி விளையாடும் கம்பிகளுக்கும் ஏணிகளுக்கும் இடையில் உடல் நுழைந்து தலைக்கவசம் சிக்கிக்கொண்டால், தாடை வார் கழுத்தை நெரித்துவிடும். இந்த ஆபத்துக்காகவே, சிறு பிள்ளைகளுக்கு அழுத்தம் மிகும்போது தானாக விடுபடும் வார் கொண்ட தனித் தரம், ஈஎன் 1080 என்று, ஐரோப்பாவில் வகுக்கப்பட்டது. மைதானத்தில் பிள்ளை தலைக்கவசத்துடன் ஏறுவதைக் கண்டால் ஆசிரியர்கள் இறக்கிவிடுவது இதனால்தான்; கண்டிப்பு என்று எண்ண வேண்டாம்.

பள்ளிக்கு அனுப்பும் முன் சைக்கிளில் எதைப் பார்க்க வேண்டும்?

காற்று, பிரேக், செயின் ஆகிய மூன்றையும் வாரம் ஒருமுறை பாருங்கள். டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்பது அதன் பக்கச் சுவரிலேயே எழுதியிருக்கும். முன்பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னே தள்ளினால் முன்சக்கரம் உருளக் கூடாது. பின்பிரேக்கையும் அவ்வாறே சோதியுங்கள். பிள்ளையின் விரல்கள் கைப்பிடியை விடாமலே பிரேக்கை எட்ட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்; பெரியவர்களின் கைக்கு எட்டுவது பிள்ளைக்கு எட்டுவதில்லை. செயின் தொய்வாகவோ துருப்பிடித்தோ இருக்கக் கூடாது. துப்பட்டா, நீளமான பாவாடை, அவிழ்ந்த ஷூ லேஸ் ஆகியவை செயினிலும் சக்கரத்திலும் சிக்கும் என்பதால், செயின் மூடி உடைந்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

பலர் பார்க்காமல் விடும் இடம் ஒன்று இருக்கிறது. ஹேண்டில்பாரின் இரு முனைகளையும் தொட்டுப் பாருங்கள். ரப்பர் பிடி தேய்ந்தோ கிழிந்தோ போய், உள்ளிருக்கும் இரும்புக் குழாயின் வட்டமான விளிம்பு விரலில் படுகிறதா? சைக்கிள் சாயும்போது ஹேண்டில்பார் திரும்பி, அந்த முனை பிள்ளையின் வயிற்றில் நேராகக் குத்தும். வெளியே சிறு சிராய்ப்பு மட்டும் தெரியும். உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கிழிந்திருக்கக்கூடும். வயிற்றில் ஹேண்டில்பார் குத்திய பிள்ளைக்கு வலி நீடித்தாலோ, வாந்தி எடுத்தாலோ, முகம் வெளுத்தாலோ மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்ல வேண்டும். புதிய ரப்பர் பிடி மாட்டுவது சில நிமிட வேலைதான்.

சைக்கிளின் உயரத்தைப் பொறுத்தவரை, புதிதாக ஓட்டும் பிள்ளைக்குச் சீட்டில் அமர்ந்த நிலையில் இரு கால்களின் முன்பாதமும் தரையில் ஊன்ற வேண்டும். பிள்ளை வளர வளரச் சீட்டை உயர்த்தலாம். ஆனால் சீட்டுக் கம்பியில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தினால் அது கழன்றுவிடும் அபாயம் உண்டு.

புத்தகப் பையை ஹேண்டில்பாரில் மாட்டலாமா? தம்பியைப் பின்னால் ஏற்றி வரலாமா?

இரண்டுமே கூடாது. தொங்கும் பை ஆடி முன்சக்கரக் கம்பிகளுக்குள் புகுந்தால், சைக்கிள் அந்த இடத்திலேயே நின்று பிள்ளை தலைகுப்புற விழும். பையை இரு தோள்களிலும் மாட்டலாம்; கேரியரில் இறுக்கிக் கட்டுவது அதைவிட மேல். டபுள்ஸ் ஏற்றினால் சமநிலையும் பிரேக் பிடிக்கும் தூரமும் மாறிவிடும். பின்னால் அமர்பவரின் பாதம் சக்கரக் கம்பியில் சிக்கி எலும்பு முறிவது மருத்துவர்கள் அடிக்கடி காணும் காயம்.

மழையிலும் இருட்டிலும் எப்படி?

நனைந்த ரிம்மில் பிரேக் தாமதமாகப் பிடிக்கும்; சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடும் இரும்பு மூடிகளும் வழுக்கும். ஆகவே மழையில் மெதுவாகச் சென்று, முன்கூட்டியே பிரேக் பிடிக்கப் பழக்குங்கள். ஒரு கையில் குடை பிடித்து ஓட்டுவதை எந்த நிலையிலும் அனுமதிக்க வேண்டாம். இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். ரிஃப்ளெக்டர் மட்டும் போதாது. வேறொரு வாகனத்தின் ஒளி அதன் மேல் விழுந்தால்தான் அது மின்னும்.

சாலையில் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியவற்றில் முதன்மையானது எது?

பெரிய வாகனத்தின் பக்கவாட்டில் நிற்காதே என்பதுதான். சந்திப்பில் நிற்கும் லாரிக்கும் பேருந்துக்கும் அருகில், ஓரமாக இருக்கும் இடைவெளியில் சைக்கிளை நுழைத்து முன்னே செல்வது பிள்ளைகளுக்கு இயல்பாகத் தோன்றும். ஓட்டுநரின் கண்ணாடியில் அந்த இடம் தெரிவதே இல்லை. வாகனம் திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உட்புறமாக வந்து அந்த இடைவெளியை மூடிவிடும். முடிந்தால் நின்றிருக்கும் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில், அதன் ஓட்டுநர் அனுமதியோடு, பிள்ளையை ஒருமுறை அமரவைத்துக் காட்டுங்கள். பலமுறை சொல்லியும் பதியாதது அப்போது பதிந்துவிடும். வாகனத்துக்குப் பின்னால் தள்ளி நிற்பதே சரி.

நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டி ஓட்டாமல் கதவு திறக்கும் அளவுக்கு இடைவெளி விடுவது, காதில் ஒலிக்கருவி மாட்டாமல் இருப்பது, வாகனங்கள் செல்லும் திசையிலேயே செல்வது ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்லித் தாருங்கள்.

பிள்ளை வழியில் விழுந்துவிட்டது, ஆனால் ஒன்றுமில்லை என்கிறது. பள்ளிக்குத் தெரிவிக்க வேண்டுமா?

கட்டாயம் தெரிவியுங்கள். தலையில் அடிபட்டதன் அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும், சில வேளை மறுநாளும்கூட வெளிப்படும். அந்த நேரத்தில் பிள்ளை வகுப்பில் இருக்கக்கூடும். காலையில் விழுந்தது ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால், மதியம் மேசையில் தலை சாய்ப்பதைத் தூக்கக் கலக்கம் என்று அவர் விட்டுவிட மாட்டார். திரும்பத் திரும்ப வாந்தி, அதிகரிக்கும் தலைவலி, குழப்பமான பேச்சு, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, ஒரு கண்மணி பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருத்தல், சிறிது நேரமே ஆனாலும் நினைவிழத்தல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மூளை அதிர்ச்சி என்று மருத்துவர் சொன்னால், அன்று விளையாட்டு கிடையாது. மருத்துவர் அனுமதிக்கும்வரை சைக்கிளும் கிடையாது. பாடத்துக்குத் திரும்புவதும் படிப்படியாகவே இருக்கட்டும். மருத்துவர் எழுதித்தரும் குறிப்பின் ஒரு படியை வகுப்பாசிரியரிடம் கொடுத்தால், வீட்டுப்பாடத்தையும் தேர்வையும் அதற்கேற்ப அவர் தளர்த்துவார். அந்த விழுதலில் தரையில் பட்ட தலைக்கவசத்தின் வாரை வெட்டிவிட்டு அதை அப்புறப்படுத்துங்கள். வார் அறுந்திருந்தால் வேறு யாரும் எடுத்து அணிய மாட்டார்கள். பிள்ளை மீண்டும் சைக்கிளில் வரத் தொடங்கும் நாளுக்குள் புதியதை வாங்கி, மேலே சொன்னபடி அளந்து பொருத்திவிடுங்கள்.